எச்சரித்தவரும் வழிவகுத்தவரும்: வியட்நாம் போரில் மாக்ஸ்வெல் டெய்லரின் ஆலோசனைகள் (1961–1965)

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போரில் வான்குடைப்படைத் தளபதியாகப் புகழ்பெற்றுப் பின்னாளில் தென்வியட்நாமில் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றியவர் மாக்ஸ்வெல் டெய்லர். 1961 முதல் 1965 வரை வியட்நாம் போர் குறித்து அவர் இரு அதிபர்களுக்கு வழங்கிய ஆலோசனைகளை இக்கட்டுரை ஆராய்கின்றது. அமெரிக்கத் தரைப்படையை அப்போரில் இறக்குவதற்கு எதிராக எச்சரித்தவர் என்று அவரைச் சிலர் மதிப்பர். போர் விரிவடைய வழிவகுத்தவர் என்று சிலர் குறைகூறுவர். இவ்விரு மதிப்பீடுகளுக்கும் ஆவணச் சான்று உண்டு. அவர் முன்னர் வழங்கிய ஆலோசனைகளே அவருடைய பிற்கால எச்சரிக்கையை வலுவிழக்கச் செய்தன என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: மாக்ஸ்வெல் டெய்லர், தென்வியட்நாம், தூதரக வரலாறு, படை ஆலோசனை, தா நாங், பனிப்போர்.

முன்னுரை

1965 பிப்ரவரி 22 அன்று சைகோனிலிருந்த அமெரிக்கத் தூதர் வாஷிங்டனுக்கு ஒரு தந்தி அனுப்பினார். தா நாங் விமானத்தளத்தின் காவலுக்கு மரைன் படைகளை அனுப்ப வேண்டும் என்று அங்கிருந்த அமெரிக்கத் தளபதி விடுத்த கோரிக்கைக்கான மறுமொழி அது. தரைப்படையை இறக்குவதில்லை என்ற கொள்கை ஒருமுறை தளர்ந்தால் பின்னர் அதை எங்கே நிறுத்துவது என்பது கடினமாகிவிடும். வெள்ளை நிறப் படைவீரர் ஆசியக் காடுகளில் கொரில்லாப் போர் செய்யத் தகுந்தவர் அல்லர். பிரெஞ்சுக்காரர் முயன்று தோற்றனர். பகைவன் யார், நண்பனான உழவன் யார் என்று அயல்நாட்டு வீரனால் பிரித்தறிய இயலாது. தூதரின் வாதம் இவ்வாறு அமைந்தது. சரியாகப் பதினான்கு நாள் கழித்து, மார்ச் 8 அன்று, மரைன் படையினர் தா நாங் கடற்கரையில் இறங்கினர்.

இந்தத் தந்தியை எழுதியவர் போரைப் பற்றி ஏட்டறிவு மட்டும் உடையவர் அல்லர். நார்மண்டியில் வான்குடை கட்டிக் குதித்தவர். கொரியாவில் எட்டாம் படையை வழிநடத்தியவர். அமெரிக்க முப்படைகளின் தலைமைப் பதவியிலிருந்து நேராகத் தூதர் பதவிக்கு வந்தவர். படைத்துறையிலும் தூதரகத்திலும் அவரளவு தகுதி பெற்ற வேறோர் ஆலோசகரை அமெரிக்கா வியட்நாமுக்கு அனுப்பியதில்லை எனலாம். அத்தகையவரின் சொல் ஏன் எடுபடவில்லை? இந்த வினாவுக்கான விடையை 1965இல் மட்டும் தேடினால் கிடைக்காது; 1961 முதல் அவர் எழுதியவற்றை வரிசையாகப் படித்தல் வேண்டும். 1971இல் வெளியான பென்டகன் ஆவணங்களும், அமெரிக்க வெளியுறவுத்துறை பின்னர் வெளியிட்ட ஆவணத் தொகுதிகளும், 1972இல் டெய்லர் எழுதிய தன்வரலாறும் அதற்கு உதவுகின்றன.

1. படைவீரரின் பின்புலம்

டெய்லர் 1901 ஆகஸ்ட் 26 அன்று மிசூரி மாநிலத்தின் கீட்ஸ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1922இல் வெஸ்ட் பாயின்ட் படைக்கல்லூரியில் பட்டம் பெற்றார். மொழிகளில் ஆர்வம் மிக்கவர். வெஸ்ட் பாயின்டில் பிரெஞ்சும் ஸ்பானிஷும் கற்பித்தார். 1935 முதல் 1939 வரை டோக்கியோவில் தங்கி ஜப்பானிய மொழி பயின்றார். படைத்துறையும் தூதுப்பணியும் அவர் வாழ்வில் தொடக்கத்திலிருந்தே பின்னிக் கிடந்தன.

அவற்றுள் ஒரு நிகழ்ச்சி பிற்கால வியட்நாம் ஆண்டுகளோடு ஒப்பிடத் தக்கது. 1943 செப்டம்பரில் இத்தாலி நேசநாடுகளிடம் சரணடைய இருந்த வேளையில், ரோம் நகரைக் கைப்பற்ற 82ஆம் வான்குடைப்படைப் பிரிவை அங்கு இறக்கத் திட்டமிடப்பட்டது. அது நடக்கக்கூடியதா என்று நேரில் அறிய, ஜெர்மானியர் நிறைந்திருந்த ரோமுக்குள் டெய்லர் மறைவாகச் சென்றார். இத்தாலியத் தளபதிகளையும் ஆட்சித்தலைவர் பதோலியோவையும் சந்தித்தார். உதவுவதாகச் சொன்ன இத்தாலியப் படையால் விமானநிலையங்களைக்கூடக் காக்க முடியாது என்று கண்டறிந்து, திட்டத்தைக் கைவிடுமாறு செய்தி அனுப்பினார். சிசிலியில் விமானங்கள் புறப்பட ஆயத்தமாக இருந்த நிலையில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. களத்தில் நின்ற ஒருவரின் சொல், மேலிடத்தின் முடிவை மாற்றி ஒரு படைப்பிரிவைப் பேரழிவிலிருந்து காத்தது.

1944இல் 101ஆம் வான்குடைப்படைப் பிரிவின் தளபதியானார். போருக்குப் பின் வெஸ்ட் பாயின்ட் கல்லூரித் தலைவர், பெர்லினில் அமெரிக்கத் தளபதி, 1953இல் கொரியாவில் எட்டாம் படைத் தளபதி, 1955 முதல் 1959 வரை தரைப்படைத் தலைவர் என அடுத்தடுத்துப் பதவிகள் வந்தன. அணுகுண்டின் அச்சுறுத்தலையே முதன்மையாக நம்பிய ஐசனோவரின் பாதுகாப்புக் கொள்கையோடு அவர் முரண்பட்டார். ஓய்வுபெற்றபின் ‘நிச்சயமற்ற எக்காளம்’ என்று பொருள்படும் தலைப்பில் 1960இல் வெளியிட்ட நூலில், எந்த அளவிலான போருக்கும் அந்த அளவிலேயே எதிர்வினையாற்றும் திறன் வேண்டும் என்று வாதிட்டார். ‘நெகிழ்வான எதிர்வினை’ எனப்படும் இக்கொள்கை ஜான் கென்னடியைக் கவர்ந்தது. போரை ஒரு விசைக்கருவிபோல் அளவோடு கூட்டவும் குறைக்கவும் முடியும் என்ற நம்பிக்கை இக்கொள்கையின் உள்ளீடாக இருந்தது. வியட்நாமில் அந்நம்பிக்கையே சோதனைக்கு உள்ளாயிற்று.

2. எண்ணாயிரம் வீரர்: 1961 அறிக்கை

கியூபாவின் பன்றி விரிகுடாத் தோல்விக்குப் பின், அதன் காரணங்களை ஆராய டெய்லரைக் கென்னடி அழைத்தார். 1961 ஜூலையில் அவர் மீண்டும் பணிக்கு வந்து அதிபரின் படைத்துறைப் பிரதிநிதி ஆனார். அவ்வாண்டு அக்டோபரில் வால்ட் ரோஸ்டோவுடன் அவரைச் சைகோனுக்கு அனுப்பினார் அதிபர். அப்போது தென்வியட்நாமின் அதிபர் நோ தின் தியெம். வியட்காங் கிளர்ச்சி வலுத்திருந்தது. மெகோங் கழிமுகத்தில் பெருவெள்ளம்.

நவம்பர் 3 அன்று அளிக்கப்பட்ட அறிக்கையில் ஆலோசகர்கள், ஹெலிகாப்டர்கள், உளவு உதவி ஆகியவற்றோடு ஏறத்தாழ 8,000 வீரர் கொண்ட படையொன்றை அனுப்பவும் டெய்லர் பரிந்துரைத்தார். வெள்ள நிவாரணப் பணி அப்படை வருவதற்கான காரணமாகக் காட்டப்படும். தேவைப்பட்டால் தன்னைக் காத்துக்கொள்ளப் போரிடும். இதன் தீமைகளையும் அவரே தம் தந்தியில் பட்டியலிட்டார். அமெரிக்காவின் மதிப்பு மேலும் பணயமாகும். முதற்படை போதவில்லையெனில் மேலும் அனுப்பும் நெருக்குதலைத் தடுப்பது கடினம். எல்லைகளை அடைத்துக் கிளர்ச்சியாளரை ஒழிப்பதே நோக்கமானால் இந்தப் பொறுப்புக்கு எல்லையே இராது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிகழவிருந்தவற்றை இவ்வளவு துல்லியமாக முன்கூட்டியே எழுதிய ஆவணம் வேறு இருத்தல் அரிது.

ஆயினும் அதே தந்தியில் வேறொரு குரலும் ஒலிக்கின்றது. அமெரிக்கப் படைகள் இயங்குவதற்குத் தென்வியட்நாம் அவ்வளவு கடினமான இடமன்று. அதன் எல்லைப்புறக் காடுகளும் மலைகளும் கொரியாவின் சில பகுதிகளை ஒத்தவை. பெரும் ஆசியப் போருக்குள் இழுக்கப்படும் ஆபத்து உண்டெனினும் அது அச்சுறுத்தும் அளவினதன்று. வடவியட்நாம் விமானக் குண்டுவீச்சுக்கு எளிதில் ஆட்படக்கூடியது. 1965இல் அமெரிக்க வீரருக்குப் பொருந்தாத காடுகள் என்று எவற்றைக் கூறினாரோ, அவற்றையே 1961இல் பழகிக்கொள்ளத் தக்கவை என்று அவர் மதிப்பிட்டிருந்தார்.

பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா, 8,000 பேரால் தராசு சாயாது. இறுதியில் ஆறு படைப்பிரிவுகள், அதாவது ஏறத்தாழ 2,05,000 வீரர் வரை தேவைப்படலாம் என்று கணக்கிட்டார். கென்னடி போர்ப்படையை அனுப்ப மறுத்தார். முதல் கோப்பையின் போதை தெளிந்ததும் மறுகோப்பை வேண்டியிருக்கும் என்னும் கருத்தில், படை அனுப்புதலை மது அருந்துதலுக்கு அவர் ஒப்பிட்டதாக வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷிலெசிங்கர் பதிவுசெய்துள்ளார். எனினும் ஆலோசகர்களும் ஹெலிகாப்டர்களும் அனுப்பப்பட்டனர். 1960 இறுதியில் ஏறத்தாழ 900ஆக இருந்த அமெரிக்கப் படையினர் எண்ணிக்கை, 1962 இறுதியில் 11,000ஐத் தாண்டியது. 1963 இறுதியில் 16,000ஐத் தாண்டியது. அதிபர் மறுத்தது ஒரு பரிந்துரையை மட்டுமே. அதன் திசையை அவர் மறுக்கவில்லை.

3. கேட்டறிந்தவையும் கேளாதவையும்: 1963

1962 அக்டோபரில் டெய்லர் கூட்டுப் படைத்தலைவர் குழுவின் தலைவரானார். சைகோனிலிருந்து வந்த படைத்துறை அறிக்கைகள் நம்பிக்கை ஊட்டுவனவாக இருந்தன. 1963 ஜனவரி 2 அன்று அப் பாக் என்னுமிடத்தில், எண்ணிக்கையில் மிகக் குறைந்த வியட்காங் படை, ஹெலிகாப்டர்களும் கவச ஊர்திகளும் கொண்ட அரசுப்படையைத் தடுத்து நிறுத்திவிட்டுத் தப்பிச் சென்றது. அதையும் அரசின் வெற்றி என்றே தளபதி பால் ஹார்கின்ஸ் கூறினார்.

பௌத்தர் போராட்டத்தால் தியெம் ஆட்சி ஆட்டம் கண்ட நிலையில், 1963 செப்டம்பர் இறுதியில் மக்னமாராவும் டெய்லரும் சைகோன் சென்றனர். தளபதிகள் ஆட்சிக்கவிழ்ப்புக்கு ஆயத்தமா என்று அறிய, தளபதி துவோங் வான் மின்னுடன் டெய்லர் டென்னிஸ் ஆடினார். மக்னமாரா அருகிலிருந்து பார்த்தார். ஆட்டத்தின் இடையே குறிப்பாகப் பேச்சுக் கொடுத்தும் மின் வாய் திறக்கவில்லை. ரோமில் நேரடிக் கேள்வியால் உண்மையை வெளிக்கொணர்ந்தவர், சைகோனில் நட்பு ஆட்டத்தின் வழியே குறிப்பறிய வேண்டியிருந்தது. நேச அரசின் பிரதிநிதியாக வந்தவர் அவ்வரசைக் கவிழ்ப்பதைப் பற்றி வெளிப்படையாகக் கேட்க இயலாது.

அக்டோபர் 2 அன்று அவர்கள் அளித்த அறிக்கை, அரசியல் நிலை கவலைக்குரியது எனினும் போர் பெரும் முன்னேற்றம் கண்டுள்ளது என்றது. ஆண்டு இறுதிக்குள் 1,000 அமெரிக்கரைத் திரும்பப் பெறலாம். 1965 இறுதிக்குள் பெரும்பாலோரைத் திரும்பப் பெற இயலும் என்றது. ஒரு மாதத்தில் தியெம் கவிழ்க்கப்பட்டார். நவம்பர் 2 அன்று கொல்லப்பட்டார். அதன்பின்னரே மாகாணங்களிலிருந்து வந்த புள்ளிவிவரங்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்பது வெளிப்பட்டது. முன்னேற்றம் என்று எண்ணப்பட்டவற்றுள் பெரும்பகுதி தாளில் மட்டுமே இருந்தது.

இதன்பின் டெய்லரின் ஆலோசனை கடுமையாயிற்று. 1964 ஜனவரி 22 அன்று அவர் கையொப்பத்துடன் மக்னமாராவுக்குச் சென்ற படைத்தலைவர் குழுவின் குறிப்பு, தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளை அமெரிக்கா விலக்கிக்கொள்ள வேண்டும் என்றது. வடவியட்நாம்மீது குண்டுவீச்சும், தேவையானால் தெற்கில் அமெரிக்கப் படைகளை ஈடுபடுத்துவதும் அதில் இடம்பெற்றன. தா நாங் தந்திக்கு ஓராண்டு முன்பு எழுதப்பட்ட ஆவணம் இது.

4. ஆணைக்கடிதமும் அதிகாரமும்

1964 ஜூலை 7 அன்று ஹென்றி கேபட் லாட்ஜுக்கு மாற்றாகத் தூதராகச் சைகோன் வந்திறங்கினார் டெய்லர். அனுபவமிக்க அயலுறவு அலுவலரான அலெக்சிஸ் ஜான்சன் துணைத்தூதர். அதிபர் லிண்டன் ஜான்சன் அளித்த ஆணைக்கடிதம் வழக்கத்துக்கு மாறானது. தென்வியட்நாமில் அமெரிக்க முயற்சி முழுவதற்கும், படைத்துறை முயற்சி உட்பட, தூதரே பொறுப்பு என்று அது கூறியது. புதிதாகத் தளபதிப் பொறுப்பேற்றிருந்த வில்லியம் வெஸ்ட்மோர்லாண்ட், டெய்லரின்கீழ் முன்பு பணியாற்றியவர். எனவே தூதருக்கும் தளபதிக்கும் இடையே பூசல் எழ வாய்ப்பில்லை என்று வாஷிங்டன் கருதியது.

ஆனால், தாளில் இருந்த இந்த அதிகாரம் அமெரிக்கரைக் கட்டுப்படுத்துவதற்குரியது. வியட்நாமியரைக் கட்டுப்படுத்துவதற்கு அது உதவவில்லை. டெய்லர் பதவி வகித்த ஓராண்டில் நுயென் கான், திரான் வான் ஹுவோங், பான் ஹுய் குவாட், நுயென் காவ் கி எனக் குறைந்தது நான்கு பேர் ஆட்சிப் பொறுப்பில் இருந்தனர். ஆகஸ்டில் டோங்கின் வளைகுடா நிகழ்வை அடுத்துக் கான் புதிய அரசியல் சாசனம் ஒன்றை அறிவித்துத் தம்மை அதிபராக்கிக்கொண்டார், தெருப்போராட்டம் வெடித்தது, சில நாளில் அதைக் கைவிட்டார். செப்டம்பர் 13 அன்று மற்றொரு கவிழ்ப்பு முயற்சி. ஆலோசனை கேட்க வேண்டிய அரசு எது என்பதே நிலையற்றுப் போனது.

இம்முரண்பாடு முற்றியது டிசம்பர் 20 அன்று. கவிழ்ப்புகளால் அமெரிக்கா சலிப்படைந்துவிட்டது என்று அம்மாதத் தொடக்கத்தில், வெஸ்ட்மோர்லாண்டின் இல்லத்தில் நடந்த விருந்தின்போது, வியட்நாமியத் தளபதிகளிடம் டெய்லர் கூறியிருந்தார். அவ்விருந்து முடிந்து இரு வாரம் ஆவதற்குள் அத்தளபதிகள் உயர் தேசிய மன்றத்தைக் கலைத்து அதன் உறுப்பினர் பலரைச் சிறைப்பிடித்தனர். டெய்லர் கி, நுயென் வான் தியூ உள்ளிட்ட நால்வரைத் தூதரகத்துக்கு வரவழைத்து, பணியாளரைக் கண்டிக்கும் மேலதிகாரியின் தோரணையில் கடிந்துகொண்டார். இவ்வாறு நடந்தால் அமெரிக்கா அவர்களை என்றென்றைக்கும் சுமக்க முடியாது என்றார். மறுநாள் கானைச் சந்தித்து, அவர் நாட்டைவிட்டு வெளியேறுவதே நன்று என்று உணர்த்தினார்.

விளைவு எதிர்மாறாயிற்று. காலனிய ஆட்சி முடிந்து பத்தாண்டுகளே ஆன நாட்டில், அயல்நாட்டுத் தூதர் தளபதிகளை நிற்கவைத்துக் கண்டித்தார் என்ற செய்தி அவர்களை ஒன்றுபடுத்தியது. கான் அமெரிக்கச் செய்தியாளரிடமே டெய்லரைத் தாக்கிப் பேசினார். அவரை விரும்பத்தகாதவர் என்று அறிவித்து வெளியேற்றவும் தளபதிகள் ஆலோசித்தனர். கலைக்கப்பட்ட மன்றம் மீளவில்லை. உதவியை நிறுத்துவோம் என்ற அச்சுறுத்தலை அமெரிக்கா நிறைவேற்றாது என்று தளபதிகள் அறிந்திருந்தனர். நிறுத்தினால் வீழ்வது அமெரிக்காவின் மதிப்பும்தான். 1961இல் டெய்லர் எச்சரித்த ‘பணயமான மதிப்பு’, 1964இல் அவருடைய கையையே கட்டிப்போட்டது.

5. குண்டுவீச்சு என்னும் மாற்றுவழி

இந்நிலையில் டெய்லரின் வாதத்தில் ஒரு திருப்பம் நேர்ந்தது. நிலையான அரசு அமைந்தபின்னரே வடக்கின்மீது குண்டுவீசுதல் தகும் என்பது தொடக்கத்தில் அவர் நிலை. அரசு நிலைபெறாதபோது, குண்டுவீச்சே அதற்கு ஊக்கமூட்டி நிலைநிறுத்தும் என்று அவர் எழுதலானார். முன்நிபந்தனையாக இருந்தது விளைபயனாக மாறியது.

டிசம்பர் 24 அன்று சைகோனில் அமெரிக்க அலுவலர் தங்கியிருந்த பிரிங்க்ஸ் விடுதியில் வியட்காங் குண்டு வெடித்தது. பழிவாங்கும் தாக்குதலை டெய்லர் கோரினார், அதிபர் மறுத்தார். டிசம்பர் 30 தந்தியில், விமானங்களால் இப்போரை வெல்ல முடியும் எனத் தாம் நம்பவில்லை என்றும், தரையில் மேலும் அமெரிக்கரை ஈடுபடுத்துவதை எண்ணிப் பார்க்கலாம் என்றும் ஜான்சன் குறிப்பிட்டார். இங்குத் தரைப்படையை முதலில் பேசியவர் அதிபர் என்பது கவனிக்கத்தக்கது. 1965 ஜனவரி 6 அன்று டெய்லர் விரிவாக மறுமொழி எழுதினார். ஒரு நாட்டின் இயல்பை நம்மால் மாற்ற முடியாது, தலைமை இல்லாத இடத்தில் தலைமையை உண்டாக்க முடியாது, தரைப்படை வேண்டா, விமானத் தாக்குதலே நம் கையிலுள்ள புதிய கருவி. இவ்வாறு, குண்டுவீச்சை அவர் தரைப்போருக்கு மாற்றாக முன்வைத்தார்.

பிப்ரவரி 7 அன்று பிளேக்கு முகாம் தாக்கப்பட்டது. அமெரிக்க விமானங்கள் வடக்கைத் தாக்கின. மார்ச் 2 அன்று தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. அவ்விமானங்கள் புறப்படும் முதன்மைத் தளங்களுள் ஒன்று தா நாங். தளம் முக்கியமானதும் அதற்குக் காவல் முக்கியமாயிற்று. தென்வியட்நாம் படையின் காவலை வெஸ்ட்மோர்லாண்ட் நம்பவில்லை, மரைன்களைக் கேட்டார். தரைப்படைக்கு மாற்று என்று டெய்லர் கருதிய குண்டுவீச்சே தரைப்படையை அழைத்து வந்தது.

6. பதினான்கு நாள்

இப்பின்னணியில் பிப்ரவரி 22 தந்தியை மீண்டும் படித்தால் அதன் இறுதிப்பகுதி கண்ணில்படும். இத்தனை எதிர்வாதங்களையும் அடுக்கியபின், அத்தளத்தின் பாதுகாப்புக் குறித்துத் தளபதி கொண்ட கவலை இயல்பானதே என்று கூறி, ஒரு மரைன் பட்டாலியனை அங்கு நிறுத்துவதற்கு டெய்லர் இசைந்தார். வாஷிங்டன் இரண்டை அனுப்பியது. எச்சரிக்கை கொள்கையளவிலும் இசைவு செயலளவிலும் இருந்தன. அவசர நாள்களில் கோப்புகளைப் படிப்போர் கண்ணுக்கு இசைவே முதலில் புலப்படும்.

பிரதமர் குவாட் மருத்துவர். அயல்நாட்டுப் படை வருவதை விரும்பாதவர். படை இறங்குவதையொட்டிய அறிக்கையை அன்று காலைதான் அவசரமாக எழுத நேர்ந்தது என்று அவருடைய உதவியாளர் புய் தியெம் பின்னர் தம் நூலில் எழுதினார். எந்த நாட்டு மண்ணில் படை இறங்கியதோ, அந்நாட்டின் அரசோடு முறையான கலந்தாய்வு நிகழவில்லை. வியட்நாமியரைக் கேளாமல் முடிவெடுத்ததாகக் குறைகூறத் தக்க அதே அமைப்பு, விரைவில் தூதரையும் கேளாமல் முடிவெடுக்கத் தொடங்கியது.

ஏப்ரல் 6 அன்று கையொப்பமான தேசியப் பாதுகாப்புக் குறிப்பாணை 328, மேலும் இரண்டு மரைன் பட்டாலியன்களை அனுப்பவும், மரைன்களின் பணியைக் காவலிலிருந்து தாக்குதலுக்கு விரிவாக்கவும், இம்மாற்றத்தை விளம்பரப்படுத்தாதிருக்கவும் வழிசெய்தது. ஏப்ரல் நடுவில், 173ஆம் வான்குடைப் படையணி வரவிருப்பதைப் படைத்துறையின் செய்தி ஒன்றின் வழியாகவே டெய்லர் அறிந்தார். தம்மைக் கேளாது எடுக்கப்பட்ட இம்முடிவைக் கண்டித்து எழுதினார். ஆணைக்கடிதத்தின்படி படைத்துறை முயற்சி முழுவதற்கும் பொறுப்பாளர் அவரே.

ஏப்ரல் 20 அன்று ஹொனலூலுவில் மக்னமாரா, வெஸ்ட்மோர்லாண்ட் முதலியோருடன் டெய்லர் கலந்துகொண்டார். நாட்டிலிருந்த ஏறத்தாழ 33,000 அமெரிக்கப் படையினரை 82,000ஆக உயர்த்த அங்கே உடன்பாடு ஏற்பட்டது, டெய்லரும் உடன்பட்டார். கடற்கரையை ஒட்டிய அரண்களுக்குள் அப்படைகளை நிறுத்துவது என்ற வரம்பு அவருக்குச் சற்று ஆறுதல் அளித்திருக்கலாம். அவ்வரம்பும் நீடிக்கவில்லை. ஜூனில் குவாட் அரசு வீழ்ந்தது. டிசம்பரில் டெய்லர் கடிந்துகொண்ட நால்வருள் ஒருவரான கி பிரதமரானார், மற்றொருவரான தியூ நாட்டுத்தலைவரானார். ஜூலை 28 அன்று படையை 1,25,000ஆக உயர்த்துவதாக ஜான்சன் அறிவித்தார். அம்மாத இறுதியில் டெய்லர் சைகோனைவிட்டுப் புறப்பட்டார். ஆண்டு முடிவில் அங்கிருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 1,84,000 பேர்.

7. மதிப்பீடுகள்

டெய்லரை மதிப்பிட்டோர் இரு முனைகளில் நிற்கின்றனர். படைத்தலைவர்களின் உண்மைக் கருத்துகளை அதிபரிடம் முழுமையாகக் கொண்டுசெல்லாமல், ஆட்சியாளருக்கு உகந்ததை முன்னிறுத்தினார் என்பது 1997இல் நூல் வெளியிட்ட எச்.ஆர். மக்மாஸ்டரின் குற்றச்சாட்டு. தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மகன் ஜான் டெய்லர், தரைப்படைக்கு எதிரான அவரது தயக்கத்தைக் கவனப்படுத்துகின்றார். முதல் கருத்து 1962–64 காலத்தையும், இரண்டாவது 1965ஐயும் அடித்தளமாகக் கொள்கின்றது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும்போது, டெய்லர் திடீரென மனம் மாறியவராகத் தோன்றவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஆபத்தை உணர்ந்து எழுதினார். ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த சிறு படி போதும் என்று நம்பினார். 1961இல் எண்ணாயிரம் பேர், 1964இல் குண்டுவீச்சு, 1965இல் ஒரு பட்டாலியன், பின்னர்க் கடற்கரை அரண்கள்.

அவருடைய பிற்காலச் செயல்கள் இதை உறுதிப்படுத்துகின்றன. 1966 பிப்ரவரியில் மேலவை அயலுறவுக் குழுவின் முன் போரை ஆதரித்துச் சான்றுரைத்தார். 1968 மார்ச்சில் ஜான்சனின் மூத்த ஆலோசகர்களுள் பெரும்பாலோர் விலகும் வழியைப் பரிந்துரைத்தபோது, உறுதியாக நிற்க வேண்டும் என்ற சிறுபான்மையோருள் அவரும் ஒருவர். போர் முடிந்தபின், அமெரிக்கர் தம்மையும் அறியவில்லை, தென்வியட்நாமிய நண்பரையும் அறியவில்லை, வடக்கிலிருந்த எதிரியைச் சிறிதும் அறியவில்லை என்னும் கருத்தில் அவர் பேசியதை ஸ்டான்லி கார்னோ பதிவுசெய்துள்ளார். மொழிகளைக் கற்பதில் இளமையைச் செலவிட்டவரின் வாக்குமூலம் என்பதால் இது கனம் மிக்கது. டெய்லர் 1987 ஏப்ரல் 19 அன்று காலமானார்.

முடிவுரை

1943இல் ரோமில் டெய்லரின் சொல் எடுபட்டதற்கும் 1965இல் சைகோனில் எடுபடாததற்கும் உள்ள வேறுபாடு, அவர் வகித்த பதவியின் உயரத்தில் இல்லை. ரோமில் அவர் வெறும் பிரிகேடியர், சைகோனில் அதிபரின் முழு அதிகாரம் பெற்றவர். ரோமில் அவர் பிறருடைய திட்டத்தை மதிப்பிடச் சென்றார்; ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். சைகோனில் அவர் மதிப்பிட வேண்டியிருந்தது தாமும் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக எழுப்பிய கட்டடத்தை. அங்கு ‘இல்லை’ என்று முற்றாகச் சொல்வது தம் முந்தைய அறிக்கைகளையும் மறுப்பதாகும். எனவே ‘வேண்டா, ஆயினும் ஒன்று அனுப்பலாம்’ என்று எழுதினார்.

நிபந்தனையோடு சொல்லப்படும் மறுப்பு, ஆட்சி அமைப்பின் செவியில் தாமதமான இசைவாகவே விழுகின்றது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. வீழும் அரசைத் தாங்கிப்பிடிக்க அமெரிக்கா எடுத்த ஒவ்வொரு படியும், அவ்வரசை மேலும் பிறரைச் சார்ந்ததாக்கியது. அதைக் கண்டித்துத் திருத்தும் ஆற்றலையும் அமெரிக்கா இழந்தது. அந்தப் படிகளுக்கான விலையை 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரரும், அவர்களினும் பன்மடங்கு எண்ணிக்கையில் வியட்நாமியரும் உயிரால் செலுத்தினர். பகைவனையும் நண்பனான உழவனையும் அயல்நாட்டு வீரனால் பிரித்தறிய இயலாது என்று தூதர் எழுதியிருந்தார். அவ்வாறு பிரித்தறியப்படாத உழவர்களின் ஊர்களிலேயே அடுத்த பத்தாண்டுப் போர் நிகழ்ந்தது.